சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

"ஐ5 வாங்கலாமா, ரைசன் 5 வாங்கலாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."
- கல்லூரி மாணவர், திருநெல்வேலி

மதர்போர்டு.

ஒரு வார்த்தை கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். காரணம் சொல்ல இன்னும் நாலு வரி வேண்டும். பக்கத்துப் பக்கத்து விலையில் இருக்கும் ஐ5-க்கும் ரைசன் 5-க்கும் வேகத்தில் உள்ள வித்தியாசத்தை, பக்கத்தில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் கண்டுபிடிக்க முடியும். அது உட்காரும் போர்டு என்ன விலை, அந்தப் போர்டு எந்த ராம் கேட்கும், கூலர் கூடவே வருமா, நாலு வருஷம் கழித்து அதே போர்டில் புதுப் பிராசசர் ஏறுமா? இவற்றில் உள்ள வித்தியாசம் உங்கள் அப்பாவின் பாஸ்புக்கிலேயே தெரியும். முதலில் போர்டைப் பாருங்கள் தம்பி. பிராசசர் தானாக முடிவாகிவிடும்.

"இரண்டு பிராசசரும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஆனால் கடைக்காரர் கொடுத்த மொத்தக் கொட்டேஷனில் பெரிய வித்தியாசம். ஏமாற்றுகிறாரா?"
- வங்கி ஊழியர், ஈரோடு

அவர் மேல் சந்தேகப்படாதீர்கள். தலைப்பில் இருக்கும் பழமொழிதான் உங்கள் கொட்டேஷன்.

2022 செப்டம்பரில் நடந்ததைச் சொன்னால் முழுக்கப் புரியும். ஏஎம்டி தன் புதிய ஏஎம்5 சாக்கெட்டை அப்போதுதான் கொண்டுவந்தது. ரைசன் 5 7600எக்ஸ் 299 டாலர். அடுத்த மாதமே இன்டெல் ஐ5-13600கே வந்தது, 319 டாலர். பெட்டி மேல் இருக்கும் விலையைப் பார்த்தால் ஏஎம்டிதான் 20 டாலர் மலிவு. ஆனால் ஏஎம்5-க்கு டிடிஆர்5 ராம் மட்டுமே ஆகும். அப்போது அது டிடிஆர்4-ஐவிட நல்ல விலை. போர்டிலும் முதலில் வந்தது எக்ஸ்670 என்ற உயர்ந்த வகைதான், பி650 சில நாள் கழித்துத்தான் வந்தது. இன்டெல் பக்கத்திலோ எல்ஜிஏ 1700 சாக்கெட் முந்தைய வருஷமே வந்து கடைகளில் பழகியிருந்தது. டிடிஆர்4 போடும் போர்டும் உண்டு. வீட்டில் இருக்கும் பழைய ராமையே கழற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஆக, 20 டாலர் மலிவான பிராசசர் மொத்த பில்லில் பெரிய தொகை கூடுதலாகிவிட்டது. ஜனங்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒதுங்கினார்கள். இரண்டு மாதத்துக்குள் 7600எக்ஸ் அமெரிக்கக் கடைகளில் 249 டாலருக்கு இறங்கி வந்தது. பிராசசரின் விலையைக் குறைக்க வைத்தது போட்டிப் பிராசசர் மட்டுமில்லை, போர்டும் ராமும்தான்.

இந்தக் கதைக்கு இரண்டாம் பாகமும் உண்டு. எல்ஜிஏ 1700 சாக்கெட் 14-ம் தலைமுறையோடு நின்றது. 2024 அக்டோபரில் இன்டெல் எல்ஜிஏ 1851-க்குப் போய்விட்டது. அன்று 13600கே வாங்கியவர் இன்று வேகம் கூட்ட நினைத்தால், அதே போர்டில் 14-ம் தலைமுறை வரைதான் போகலாம். அதைத் தாண்டினால் போர்டையும் மாற்ற வேண்டும். அன்று "அதிகம் கொடுத்துவிட்டோமே" என்று நொந்த 7600எக்ஸ்காரர், பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யை அதே போர்டில் செருகலாம். ஏஎம்5 ஆதரவு 2027-க்கு மேலும் தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. எனவே கொட்டேஷனைப் படிக்கும்போது உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த செட்டை இடையில் மேம்படுத்துவேனா, அப்படியே ஏழு வருஷம் ஓட்டிவிட்டுப் புதிதாக வாங்குவேனா? இரண்டாவது ரகம் என்றால், சாக்கெட்டின் எதிர்காலத்துக்கு இன்றைக்கே பணம் கட்டாதீர்கள்.

"என்னிடம் 2018-ல் வாங்கிய ரைசன் 5 2600, பி450 போர்டு. எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புது செட் வாங்கச் சொல்கிறார்கள்."
- அச்சகம் வைத்திருப்பவர், சிவகாசி

தூக்கிப் போடவே போடாதீர்கள். நீங்கள் வைத்திருப்பது ஏஎம்4. 2017-ல் முதல் ரைசன் உட்கார்ந்த அதே சாக்கெட்டில் 2020-ல் தொடங்கிய 5000 வரிசையும் உட்காரும். கம்ப்யூட்டர் உலகில் இவ்வளவு காலம் குடியிருக்கவிட்ட வீட்டுக்காரர்கள் குறைவு. 65 வாட்டில் ஓடும் ரைசன் 5 5600 அல்லது எட்டு கோர் 5700எக்ஸ் போதும், உங்கள் போர்டும் திணறாது. 5600-ல் கூலர் கூட வரும், 5700எக்ஸில் வராது. உங்கள் பழைய கூலரையே போட்டுக்கொள்ளலாம். ராம், எஸ்எம்பிஎஸ், கேபினெட் எதையும் மாற்ற வேண்டாம்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். போர்டு கம்பெனியின் பட்டியலில் உங்கள் மாடலுக்கு நேரே புதுப் பிராசசரின் பெயர் இருக்கிறதா, எந்த பயாஸிலிருந்து என்று பாருங்கள். பழைய பிராசசர் இருக்கும்போதே, யுபிஎஸ் ஓடும் நிலையில், பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பியுங்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டு கோமாவுக்குப் போய்விடும்.

அடுத்தது, பல பேர் கையைச் சுட்டுக்கொள்ளும் இடம். ஆறேழு வருஷமாகக் காய்ந்த தெர்மல் பேஸ்ட், கூலரையும் பிராசசரையும் பசை போட்ட மாதிரி ஒட்டியிருக்கும். நேராக இழுத்தால், லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசசர் கூலரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஏஎம்4-ல் 1331 பின்களும் பிராசசரின் அடியில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் செட் எழுந்திருக்காது. அதனால் கழற்றுவதற்கு முன் பத்து நிமிஷம் ஏதாவது கனமான வேலை கொடுத்து ஓட விடுங்கள், பேஸ்ட் இளகும். ஷட்டவுன் செய்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்க்ரூவைக் கழற்றி, கூலரை ஜாடி மூடியைத் திறக்கிற மாதிரி இடமும் வலமும் மெதுவாகத் திருகுங்கள். பிடி விட்டது கைக்கே தெரியும். பிறகு தூக்குங்கள். பின் வளைந்துவிட்டால், பழைய ஏடிஎம் கார்டை அந்த வரிசைக்கு நடுவே நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தலாம். நானே நிமிர்த்தியிருக்கிறேன். அந்த செட் இன்றும் ஓடுகிறது.

"2017-ல் வாங்கிய 7-ம் தலைமுறை ஐ5. போர்டில் 1151 என்று இருக்கிறது. 8-ம் தலைமுறை ஐ7-லும் 1151 என்றே போட்டிருக்கிறதே, மாட்டலாமா?"
- தமிழாசிரியர், தஞ்சாவூர்

சொல் ஒன்று, பொருள் வேறு. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை ஐயா. 8-ம் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட் உள்ள போர்டு கட்டாயம் என்று இன்டெல் 2017-ல் சொல்லிவிட்டது. புள்ளிகளின் எண்ணிக்கை அதேதான், மின்சாரம் போகும் புள்ளிகளின் ஏற்பாட்டை மாற்றிவிட்டார்கள். ஆர்வக் கோளாறுள்ள சிலர் சில புள்ளிகளை டேப் ஒட்டி மறைத்து, பயாஸையும் திருத்தி ஓட வைத்துக் காட்டினார்கள். அது அவர்களுக்குப் பொழுதுபோக்கு, உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் போர்டில் ஏறக்கூடிய பெரிய பிராசசர் ஐ7-7700 ரகம். பழைய சந்தையில் கிடைக்கும். ஆனால் 7-ம் தலைமுறைக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அந்தப் பணத்தைச் சேமியுங்கள். லினக்ஸ் பழகத் தயார் என்றால் இதே மெஷின் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

ஒரு காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. 1990-களின் நடுவில் சாக்கெட் 7 என்று ஒன்று இருந்தது. இன்டெல் பென்டியம், ஏஎம்டி கே6, சைரிக்ஸ் மூன்றும் அதில் உட்காரும். போர்டு பொதுச் சத்திரம் மாதிரி. 1997-ல் பென்டியம் 2-வோடு இன்டெல் தனக்கென்று ஸ்லாட் 1 கட்டிக்கொண்டு பிரிந்தது. குடும்பம் அன்றைக்குப் பிரிந்ததுதான். இரண்டு வீட்டுக்கும் தனித்தனிப் போர்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

"கேபினெட்டை ஏன் எல்லோரும் சிபியு என்கிறார்கள்? என் பேத்தி திருத்துகிறாள்."
- பாட்டி, மயிலாப்பூர்

பேத்தி சொல்வது சரி, சிபியு என்பது உள்ளே இருக்கும் பிராசசர் மட்டும்தான். ஆனால் விலை கேட்கும்போது நீங்கள் சொல்வதுதான் சரி. பெட்டி முழுவதும் சேர்த்துத்தான் சிபியு என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுவதில்லை.

"ஐ5-12400எஃப் வாங்கினேன். கடைக்காரர் ஆயிரக்கணக்கில் மிச்சம் என்றார். வீட்டில் வந்து மாட்டினால் திரையில் ஒன்றுமே வரவில்லை!"
- இல்லத்தரசி, நாகர்கோவில்

உங்கள் மெஷின் கெடவில்லை. கடைசியில் இருக்கும் 'எஃப்' என்ற ஒற்றை எழுத்துக்கு, "உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது" என்று பொருள். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட்டால்தான் படம் வரும். 2022-ல் இன்டெல் சொன்ன விலையில் 12400எஃப் 167 டாலர், எஃப் இல்லாத 12400 192 டாலர். 25 டாலர் மிச்சம் பிடிக்கப் போய், இப்போது கார்டு வாங்கும் செலவு. பில்லோடு போய் எஃப் இல்லாததாக மாற்றித் தரும்படி கேளுங்கள். வாங்கும்போதே அவர் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது, தயங்காமல் கேளுங்கள்.

ஏஎம்டியில் கணக்கு வேறு. ஏஎம்4-ல் 5600ஜி மாதிரி 'ஜி' இருந்தால் படம் வரும், வெறும் 5600-ல் வராது. ஏஎம்5-ல் 7600, 9600எக்ஸ் போன்றவற்றில் சின்ன கிராஃபிக்ஸ் உள்ளேயே உண்டு. 7500எஃப் என்று எஃப் ஒட்டியிருந்தால் இல்லை.

"கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. அப்போது எஃப் வாங்கலாம்தானே?"
- வீடியோகிராபர், கும்பகோணம்

எல்லோருக்கும் "ஆம்" என்பேன், உங்களுக்கு மட்டும் "நில்லுங்கள்".

உங்கள் கேமரா 10 பிட் 4:2:2-வில் எச்.265 எடுக்கிறதா? அந்த வகை ஃபைலை விரித்துக் காட்டும் சர்க்யூட், இன்டெல்லின் 11-ம் தலைமுறையிலிருந்து பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸில் உண்டு. குவிக் சிங்க் என்று பெயர். என்விடியா அதை 50 வரிசை கார்டில்தான் கொண்டுவந்தது. உங்களிடம் இருப்பது 30, 40 வரிசை என்றால், கார்டு எவ்வளவு பெரியதானாலும் இந்த ஃபைலைத் தொடாது. பிராசசர் தனியாகச் சுமந்து மூச்சு வாங்கும். தாலி கட்டும் இடத்தில் டைம்லைன் தத்தித் தத்தி ஓடுவது இதனால்தான். எஃப் இல்லாத இன்டெல் வாங்கி, பயாஸில் உள் கிராஃபிக்ஸை இயக்கி வைத்தால், பிரீமியர் ப்ரோவில் அதே ஃபைல் வழுக்கிக்கொண்டு போகும்.

"ஐ7-12700, எச்610 போர்டு, 16 ஜிபி ராம். காம்போ விலையில் தருகிறார்கள். நல்ல டீலா?"
- ஐடிஐ மாணவர், சேலம்

ஐ7 என்ற பெயர் உங்கள் கண்ணில் பட வேண்டும், போர்டு படக்கூடாது. அப்படிக் கட்டிய காம்போ இது.

12700 பெட்டியில் 65 வாட் என்று இருக்கும். முழு வேகம் பிடித்தால் 180 வாட் வரை இழுக்கும். அந்த மின்சாரத்தைப் பக்குவப்படுத்திக் கொடுப்பது சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்திருக்கும் சின்னச் சின்னக் கறுப்புச் சதுரங்கள். விஆர்எம் என்பார்கள். மலிவான எச்610 போர்டுகளில் அவை குறைவு, மேலே ஹீட்சிங்க்கூட இருக்காது. இதே ஜோடியில் ஒரு நண்பர் வீட்டில் வீடியோ ஒன்றை ரெண்டர் போட்டுப் பார்த்தேன். முதல் நிமிஷம் 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல். நாலாவது நிமிஷம் 3-க்கும் கீழே. அவர் ஐ7-க்குப் பணம் கொடுத்து ஐ5 ஓட்டிக்கொண்டிருந்தார். ஐ5-12400 வாங்கி, மிச்சத்தில் ஹீட்சிங்க் உள்ள பி660 அல்லது பி760 போர்டு கேளுங்கள். ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பதைவிட, கட்டித் தீனி போடக்கூடிய மாடு மேல்.

"12 கோர் ஜியான் பிராசசர், எக்ஸ்99 போர்டு, ராம் எல்லாம் சேர்த்துப் புது ஐ3 விலைக்குக் கிடைக்கிறதே!"
- பகுதி நேர மெக்கானிக், புதுச்சேரி

இ5-2670 வி3 என்று போட்டிருக்கும், பாருங்கள். 2014-ல் வந்தது, 120 வாட், 2.3 கிகாஹெர்ட்ஸ். டேட்டா சென்டர்களில் ராப்பகலாக உழைத்து ஓய்வுபெற்ற பிராசசர், பெயர் தெரியாத புதுப் போர்டில் ஏறி வந்திருக்கிறது. பிராசசர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போர்டுக்குத்தான் வாரண்டியும் கிடையாது, பயாஸ் புதுப்பிப்பும் கிடையாது. படம் வர தனி கார்டு வேண்டும், விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. 12 கோரையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வேலை உங்களுக்கு இருந்து, பழுது பார்க்கவும் கை இருந்தால் தாராளமாக வாங்குங்கள். வீட்டுக்கு, டியூஷன் சென்டருக்கு என்று யாருக்கும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

"கரண்ட் பில்லில் வித்தியாசம் தெரியுமா?"
- ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், வேலூர்

உங்களுக்குப் பிடித்த மாதிரி யூனிட்டிலேயே சொல்கிறேன். முழு வேகத்தில் 100 வாட் அதிகம் இழுக்கும் மெஷின், தினம் 6 மணி நேரம் அப்படி ஓடினால், இரண்டு மாதத்தில் 36 யூனிட். நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக வருவதே 100 யூனிட்தான்.

ஆனால் பெரும்பாலான வீட்டு மெஷின்கள் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. சும்மா இருக்கும்போது யார் குறைவாகச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் கதை திரும்பும். துண்டு துண்டான சிலிக்கானை இணைத்துச் செய்யும் ரைசன்கள் ஓய்விலும் கொஞ்சம் அதிகம் இழுக்கும். ஒரே துண்டாகச் செய்த 12400 போன்ற இன்டெல்லும், 5600ஜி போன்ற 'ஜி' ரைசனும் சிக்கனம். 15 வாட் வித்தியாசம், தினம் 10 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 9 யூனிட். உழைக்கும் நேரம் அதிகமா, காத்திருக்கும் நேரம் அதிகமா என்று உங்கள் வீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

"பழைய ஐ9-13900கே மலிவாக வருகிறது. மனசு கேட்கவில்லை."
- மென்பொருள் ஊழியர், சென்னை

மனசைக் கேட்க வையுங்கள். 13, 14-ம் தலைமுறைப் பெரிய பிராசசர்களில் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் உள்ளே தேய்மானம் ஏற்பட்டு, மெஷின் திடீர் திடீரென்று முடங்கியதை இன்டெல்லே 2024-ல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது. வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. திருத்தம் வந்த பிறகு தேய்வது தடுக்கப்படும், அதற்கு முன் தேய்ந்தது திரும்பாது. விற்பவர் எப்போது பயாஸைப் புதுப்பித்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பில்லும் மிச்ச வாரண்டியும் கைக்கு வந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் வேண்டாம்.

"ராம் விலை ஏன் இப்படி ஏறுகிறது? காத்திருக்கலாமா?"
- போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், திண்டுக்கல்

உலகத்து ராம் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று வீட்டுச் சமையல். 2025-ல் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் பெரிய அண்டாவோடு வாசலில் வந்து நின்றுவிட்டன. நம் டிபன் கேரியர் பின்னால் தள்ளப்பட்டது. மைக்ரான், தன் குரூஷியல் என்ற கடை விற்பனையிலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

அதனால் மேலே சொன்ன கணக்குகளில் ராமின் பங்கு இன்னும் கனத்துவிட்டது. வீட்டில் நல்ல டிடிஆர்4 ராம் இருந்தால் அதைச் சொத்தாக நினையுங்கள். அது உட்காரும் ஏஎம்4 அல்லது டிடிஆர்4 எல்ஜிஏ 1700 போர்டைத் தேடுங்கள். படிப்புக்குத்தான் என்றால், அலுவலகங்களிலிருந்து வரும் ஐ5-8500 ரகப் பழைய செட்டுகளில் ராமும் சேர்ந்தே வரும், விண்டோஸ் 11-ம் ஓடும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அந்தக் கம்பெனி செட்டுகளில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ், போர்டு எல்லாம் தனி அளவு. கெட்டால் அதே மாடல்தான் தேட வேண்டும். அவை அதிகம் புழங்கும் ஊரில், பார்ட்ஸ் வைத்திருக்கும் கடையில் வாங்குங்கள். பரீட்சைக்குப் படிக்கிறவர் விலை இறங்கட்டும் என்று ஒரு வருஷத்தை விடக்கூடாது.

"முதல்முறையாக நானே அசெம்பிள் செய்யப் போகிறேன். ஏஎம்5 போர்டு வந்துவிட்டது. என்ன சொல்வீர்கள்?"
- ப்ளஸ் டூ மாணவி, மதுரை

வாழ்த்துக்கள் அம்மா. ஏஎம்5-ல் பின்கள் பிராசசரில் இல்லை, போர்டின் சாக்கெட்டுக்குள் 1718 மெல்லிய கம்பிகளாக இருக்கின்றன. மேலே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதை முன்கூட்டியே எடுக்காதே. பிராசசரின் ஓரத்தைப் பிடித்து, மூலையில் உள்ள முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து, அழுத்தாமல் வை. லீவரை இறக்கும்போது கொஞ்சம் பலமாகத்தான் இருக்கும், சில சமயம் "கிரீச்" என்றுகூடக் கேட்கும். பயப்படாதே, மூடி தானாகத் துள்ளி வெளியே வரும். அதைக் குப்பையில் போட்டுவிடாமல் போர்டு வந்த பெட்டிக்குள்ளேயே வை. என்றைக்காவது வாரண்டிக்கு அனுப்ப நேர்ந்தால், அந்த மூடி இல்லாமல் போன போர்டை வழியில் வளைந்த பின்னைக் காட்டியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.